விறகை அடுக்கி வீடு கட்டலாமா? கார்ட்வுட் சுவர் ஓர் அறிமுகம்

மரவீடு என்றதும் மனசில் வருவது, நீளமான மரங்களைப் படுக்கைவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்துக் கட்டிய வீடு. கார்ட்வுட் வீட்டுச் சுவரில் அந்த நீள மரமே கிடையாது. விறகுக்கு அறுப்பதுபோல மரத்தைத் துண்டு துண்டாக அறுக்கிறார்கள். அந்தத் துண்டுகளைச் சுவரின் போக்கில் வைக்காமல் குறுக்காகப் படுக்கவைத்து, இடையில் சாந்து போட்டு, மேலே மேலே ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு முனை வீட்டுக்குள்ளே, மறுமுனை வெளியே. கட்டை 16 அங்குலம் என்றால் சுவரும் 16 அங்குலத் தடிமன். இரண்டு பக்கமும் மரத்தின் வெட்டுமுகம், ஆண்டு வளையங்களோடு, பூச்சு எதுவும் இல்லாமல் அப்படியே தெரியும்.

விறகு அடுக்கத் தெரிந்தால் போதும், வீடு கட்டிவிடலாம் என்று இதை ஆசையாகச் சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. ஒரு கட்டையை ஒரு கையால் தூக்கிவிடலாம். கைதேர்ந்த தச்சர் வேண்டாம். கோணலும் நெளிசலுமான மரம்கூட ஆகும். ஆனால் சுவருக்குள் போவது கல்லோ செங்கல்லோ இல்லை. ஈரம் ஏறினால் பருக்கிற, காய்ந்தால் சுருங்குகிற மரம். பட்டையை ஏன் உரிக்க வேண்டும், சாந்தில் ஏன் மரத்தூள் போட வேண்டும், வார்னிஷ் ஏன் அடிக்கக் கூடாது, கூரை ஏன் அவ்வளவு தூரம் வெளியே நீள வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போனால், எல்லாப் பதிலும் அந்த ஈரத்தில்தான் வந்து நிற்கும்.

எங்கே தொடங்கியது

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலும், கனடாவின் கியூபெக், ஒன்டாரியோ பகுதிகளிலும் குடியேறிய விவசாயிகள் இந்த முறையில் தொழுவமும் களஞ்சியமும் வீடும் கட்டினார்கள். ஸ்வீடனிலும் இதேபோன்ற பழைய கட்டடங்கள் உண்டு. யார் யாரிடம் கற்றார்கள் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பெரிய மரங்களை வெட்டிக்கொண்டு போன பிறகு காட்டில் மிஞ்சியது குட்டையும் கோணலுமான மரம். உத்திரத்துக்கு ஆகாத அந்த மரம், துண்டாக அறுத்தால் சுவருக்கு ஆகும். கையில் காசில்லாத குடும்பத்துக்கு அது போதுமான காரணம்.

அந்தக் காலத்துக் கட்டடங்களில் இரண்டைச் சொல்லலாம். விஸ்கான்சினில் போலந்துக் குடியேறிகளான குருஸா குடும்பத்தினர் 1884இல் கட்டிய சின்ன வீடு. அதன் ஒரே கூரையின் கீழ் ஒரு பக்கம் மனிதர்கள், மறுபக்கம் கோழிகள். இப்போது ஓல்டு வேர்ல்டு விஸ்கான்சின் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் அதை வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, அதே மாநிலத்தில் ஜென்னிங்ஸ் என்ற சிற்றூரில் 1899இல் எழுந்த மெசிகால்ஸ்கி கட்டடம். மளிகைக்கடை, மதுக்கடை, தங்கும் விடுதி மூன்றும் அதற்குள் நடந்தன. 1984இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் அது சேர்ந்தது. விறகுச் சுவர் நூறு ஆண்டு நிற்குமா என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டும் பதில்.

நடுவில் மறந்துபோன இந்த முறைக்கு 1970களில் மறுபடி உயிர் வந்தது. எண்ணெய் விலை ஏறிய காலம்; கடன் வாங்காமல் சொந்தக் கையால் வீடு கட்ட நினைத்தவர்கள் பெருகிய காலம். கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பகுதியில் ஜாக் ஹென்ஸ்ட்ரிட்ஜ், விஸ்கான்சினின் மெரில் ஊரில் ரிச்சர்ட் ஃபிளாட்டோ, நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் சேசியில் ராப் ராய் ஆகியோர் தாங்கள் கட்டிய வீடுகளையே பாடமாக்கினார்கள். ராப் ராயும் அவர் மனைவி ஜாக்கியும் 1981இல் எர்த்வுட் என்ற பெயரில் ஒரு கட்டடப் பள்ளியே தொடங்கினார்கள். மனிடோபா பல்கலைக்கழகத்துப் பொறியாளர்களும் இந்தச் சுவரைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். இன்று நடைமுறையில் இருக்கும் அளவுகளும் கலவை விகிதங்களும் பெரும்பாலும் இந்தத் தலைமுறை கட்டிப் பார்த்துத் தேற்றியவை.

கட்டையும் ஈரமும்

மரம் நின்றுகொண்டிருந்தபோது வேரிலிருந்து உச்சிக்குத் தண்ணீர் ஏறிய வழி, தண்டின் நீளவாக்கில் ஓடும் நுண்ணிய குழாய்கள். தண்டைக் குறுக்கே அறுத்ததும் அந்தக் குழாய்களின் வாய் இருபுறமும் திறந்துகொள்கிறது. ஜூஸ் கடை ஸ்ட்ராக்களை ஒரு கட்டாகக் கட்டிப் படுக்கவைத்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் சுவரில் ஒவ்வொரு கட்டையும் கிடக்கிறது. ஈரம் பக்கவாட்டில் போவதைவிட வெட்டுமுகத்தின் வழியாகப் பல மடங்கு வேகமாகப் போகும், வரும்.

இதில் நன்மையும் உண்டு, வம்பும் உண்டு. நன்மை என்னவென்றால், குட்டையாக அறுத்த கட்டை சீக்கிரம் காயும். மழைச் சாரல் பட்டாலும் வெயில் வந்ததும் அதே வழியாக ஈரத்தை வெளியே விட்டுவிடும். பூஞ்சை மரத்தைத் தின்ன வேண்டுமானால் மரத்துக்குள் ஈரம் நிலையாகத் தங்க வேண்டும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அழுகல் பற்றிக் கவலை இல்லை என்பது மரவேலைக்காரர்களின் பொதுக் கணக்கு. அழகுக்காக வெட்டுமுகத்தில் வார்னிஷோ பாலியூரித்தேனோ அடித்துவிட்டால் அந்த வாயை நாமே அடைத்துவிடுகிறோம். எங்கோ ஓர் இடுக்கு வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் கட்டைக்குள்ளேயே உட்கார்ந்து உளுக்க வைக்கும். வெளிமுகத்தை எதுவும் பூசாமல் விடுங்கள். இரண்டு மூன்று ஆண்டில் சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான்.

பட்டையை உரிக்கச் சொல்வதற்கும் காரணம் இதுதான். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே ஈரம் தேங்கும், பூச்சி முட்டையிடும், நாளடைவில் பட்டை கழன்று சாந்தும் பிடியை விடும். குளிர்நாடுகளில் வசந்த காலத்தில், மரத்தில் சாறு ஏறும் சமயத்தில், வெட்டினால் பட்டை வாழைத்தோலாக உரியும். மற்ற மாதங்களில் வெட்டியவர் கத்தியோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

வம்பு எங்கே என்றால் சுருக்கத்தில். மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்காது. நீளவாக்கில் சுருக்கம் மிகமிகக் குறைவு, 0.1 முதல் 0.2 சதவீதம். ஆகவே சுவரின் தடிமன் மாறாது. பருமனில்தான் சுருங்கும். அதிலும் மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஒரு அளவு, ஆண்டு வளையத்தின் போக்கில் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு. வட அமெரிக்காவின் வெள்ளை சீடர் மரம் பச்சை நிலையிலிருந்து முழுக்கக் காய்ந்துபோக இந்த இரண்டு சுருக்கமும் முறையே 2.2, 4.9 சதவீதம். வெள்ளை ஓக் மரத்துக்கு 5.6, 10.5 சதவீதம். வளையம் அதிகம் சுருங்கி, ஆரம் குறைவாகச் சுருங்கினால் கட்டை எங்காவது பிளந்தே தீரும். உருண்டைக் கட்டையில் மையம்வரை ஓடும் அந்தப் பெரிய வெடிப்பு அப்படி வருவதுதான். அது மரத்தின் குற்றமில்லை. கட்டையை முன்பே இரண்டாகவோ நான்காகவோ பிளந்துவிட்டால் அந்த இழுவிசை தணிந்து, பெரிய வெடிப்பு வராது, சீக்கிரமும் காயும்.

மேலே உள்ள எண்களை வைத்தே எந்த மரத்தை எடுப்பது என்று முடிவு செய்துவிடலாம். எடை குறைந்த, இழை தளர்ந்த மரம் நல்லது: சீடர், பைன், ஸ்ப்ரூஸ், பாப்லர். அவை குறைவாகச் சுருங்கும், குறைவாகப் பருக்கும், வெப்பத்தையும் நன்றாகத் தடுக்கும். ஓக் போன்ற கனத்த மரம் உறுதியானது, அதனால் சுவருக்கும் உறுதி தரும் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். இங்கே அது தலைகீழ். எலும்பாகக் காய்ந்த கனத்த மரத்தைச் சுவரில் வைத்து, கூரை போடுவதற்குள் இரண்டு நல்ல மழை பெய்துவிட்டால் கட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பருக்கும். அந்த விசைக்குச் சாந்து தாங்காது. சுவர் வெடிக்கும், வெளிப்பக்கமாகச் சாயும், சில சமயம் பிரித்துத்தான் கட்ட வேண்டியிருக்கும்.

அப்படியானால் பச்சையாகவே வைத்துவிடலாமா? கூடாது. பச்சைக் கட்டை சுவரில் இருந்தபடியே காய்ந்து, சாந்தை விட்டு விலகி, சுற்றிலும் இடைவெளி விடும். அதன் வழியே காற்று புகும், ஈ எறும்பு புகும். எனினும் இரண்டு தவறுக்கும் எடை வேறு. இடைவெளியை ஓரிரு ஆண்டு கழித்து அடைத்துக்கொள்ளலாம். பருத்து வெடித்த சுவரை அடைக்க முடியாது. அறுத்துப் பிளந்த சீடரையோ பைனையோ, மேலே மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவைத்து ஓர் ஆண்டு காயப்போட்டால் போதும். மூன்று நான்கு ஆண்டு காயட்டும் என்று பொறுமை காட்டுவது, அதிலும் கனத்த மரமாக இருந்தால், இந்த வேலையில் நல்ல குணமில்லை.

இதெல்லாம் கட்டைக்குள் ஈரம் போவதைப் பற்றி. சுவரிலேயே ஈரம் படாமல் பார்த்துக்கொள்வது கூரையின் வேலையும் அஸ்திவாரத்தின் வேலையும். கூரையின் இறவாரம் சுவரைத் தாண்டிக் குறைந்தது 16 அங்குலம், முடிந்தால் இரண்டு அடி நீள வேண்டும். முதல் வரிசைக் கட்டை தரையிலிருந்து குறைந்தது ஓர் அடி உயரத்தில், கல்லோ கான்கிரீட்டோ ஆன மேடையின்மேல் உட்கார வேண்டும். இறவாரத்திலிருந்து விழும் தண்ணீர் தரையில் தெறித்துச் சுவரின் காலை நனைப்பதுதான் பல சுவர்களின் முதல் நோய். இந்த இரண்டிலும் கஞ்சத்தனம் பிடித்தவர் கட்டை தேர்வில் எவ்வளவு கவனமாக இருந்தும் பயனில்லை.

சாந்து

செங்கல் சுவரில் சாந்து மெல்லிய கோடு. இங்கே சுவரின் முகத்தில் கால்வாசிக்கும் மேல், பல சமயம் 40 சதவீதம்வரை, சாந்துதான். அவ்வளவு சாந்து விரைவில் காய்ந்தால் மயிரிழை விரிசல் விட்டுவிடும். அதைத் தடுக்கத்தான் மரத்தூள். முந்தின நாள் இரவே தண்ணீரில் ஊறவைத்த மரத்தூளைச் சாந்தில் கலந்தால், அது குடித்த தண்ணீரைச் சாந்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். சாந்து நிதானமாக இறுகும்.

ராப் ராய் பரப்பிய விகிதம்: மணல் 9 பங்கு, ஊறிய மரத்தூள் 3, நீற்றிய கட்டடச் சுண்ணாம்பு 3, போர்ட்லண்ட் சிமென்ட் 2. எல்லாம் கொள்ளளவு, ஒரே மண்வெட்டியாலோ ஒரே சட்டியாலோ அளந்தால் சரி. மரத்தூள் மென்மரத்துத் தூளாக, மர அறுவை மில்லில் விழும் சற்றே பருத்த தூளாக இருக்க வேண்டும். மேசை நாற்காலி செய்யும் பட்டறையில் வரும் மாவு போன்ற தூளும், கனத்த மரத்தின் தூளும் தண்ணீரை அப்படிப் பிடித்து விடாது. சுண்ணாம்பிலும் கவனம் வேண்டும்: வயலுக்குப் போடும் சுண்ணாம்பு சாந்துக்கு ஆகாது.

தண்ணீர் எவ்வளவு என்பதற்கு எண் இல்லை, கைதான் அளவு. ஒரு பிடி சாந்தை உருண்டையாக்கி மூன்றடி உயரம் தூக்கிப்போட்டுப் பிடியுங்கள். உதிர்ந்தால் தண்ணீர் குறைவு. கையில் சப்பென்று பரவினால் அதிகம். உருண்டை உருண்டையாகவே இருந்தால் சரியான பதம். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் இந்தச் சோதனையும் மற்ற வேலையும். சுண்ணாம்பும் சிமென்ட்டும் சேர்ந்து விரல் தோலைத் தின்றுவிடும். இந்த வேலையில் கரண்டியைவிடக் கைதான் அதிகம் சாந்தைத் தொடும்.

சிமென்ட் வேண்டாம் என்று நினைப்பவர்கள் சுண்ணாம்புச் சாந்திலும், மணலும் வைக்கோலும் சேர்த்துக் குழைத்த களிமண்ணிலும் கட்டுகிறார்கள். இயற்கை வீடு என்ற பெயருக்கு அது இன்னும் பொருந்தும். களிமண் சாந்து சாரலுக்குக் கரையும் என்பதால் இறவாரத்தின் நீளம் அங்கே உயிர்நாடி.

சுவருக்குள் மூன்று அடுக்கு

வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. சாந்து சுவரின் முழுத் தடிமனுக்கும் ஓடுவதில்லை. 16 அங்குலச் சுவரில் உள்பக்கம் 5 அங்குலம் சாந்து, வெளிப்பக்கம் 5 அங்குலம் சாந்து, நடுவே 6 அங்குலம் வெற்றிடம். அதில் உலர்ந்த மரத்தூளை, 12 பங்குக்கு 1 பங்கு சுண்ணாம்புத் தூள் கலந்து, கொட்டி நிரப்புகிறார்கள். சாந்து முழுக்க ஓடினால் வெளிக்குளிர் அதன் வழியே நேராக உள்ளே வந்துவிடும். மரத்தூள் அந்தப் பாலத்தை அறுக்கிறது. சுண்ணாம்பு பூச்சியை அண்டவிடாது. எப்போதாவது ஈரம் நுழைந்தாலும் தூளோடு சேர்ந்து இறுகிக்கொள்ளும்.

வேலை நடக்கும் ஒழுங்கு இதுதான்: இரண்டு வரிச் சாந்து போடு, நடுவில் தூளைக் கொட்டு, கட்டையை வைத்து லேசாக அசைத்து உட்காரவை, கட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் மறுபடி சாந்து, மறுபடி தூள். கட்டைக்கும் கட்டைக்கும் இடையே ஓர் அங்குலம்போல விட வேண்டும். ஒட்டி ஒட்டி வைத்தால் சாந்து குறையும் என்பது சரி, ஆனால் அந்தச் சந்தில் விரல் நுழையாது, பாயிண்டிங், அதாவது சாந்தை அழுத்தித் தேய்த்து மழமழப்பாக்கும் வேலை, செய்ய முடியாது. பெரிய கட்டை, சின்னக் கட்டை, பிளந்தது, உருண்டை எல்லாவற்றையும் கலந்து வைக்க வேண்டும். பெரியதையெல்லாம் கீழேயே தீர்த்துவிட்டு மேலே சுள்ளியாக வைத்துக் கட்டிய சுவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதிச் சுவருக்குப் பிறகு வேறு வீடு போலத் தெரியும். பெரிய வெடிப்புள்ள கட்டை என்றால் வெடிப்பைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி வையுங்கள், மழைத்தண்ணீர் தேங்காது.

சாந்து கொஞ்சம் இறுகிய பிறகு, அன்றைக்கே, பாயிண்டிங். இதற்குத் தனிக் கருவி தேடி அலைய வேண்டாம். வெண்ணெய் தடவும் பழைய கத்தியின் நுனியை வளைத்துக்கொண்டால் அதைவிடச் சிறந்த கருவி இல்லை. சாந்தை அழுத்தி மழமழவென்று தேய்த்து, கட்டையின் முகம் கால் அங்குலம் வெளியே நிற்கும்படி விடுகிறார்கள். அழுத்தத் தேய்த்த சாந்து கட்டையை இறுகப் பிடிக்கும், தண்ணீரை வழியவிடும். இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒரு நாளில் பாதி நேரம் இதற்கே போகும். புது ஆட்கள் போடும் திட்டத்தில் பாயிண்டிங்குக்கு நேரமே ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

கட்டைக்குப் பதில் அங்கங்கே கண்ணாடிப் பாட்டில் வைப்பது இந்த வீடுகளின் செல்ல வழக்கம். இரண்டு பாட்டிலை வாயோடு வாய் சேர்த்து அலுமினியத் தகட்டால் சுற்றி, சுவரின் தடிமனுக்கு ஓர் உருளை செய்து கட்டையைப் போலவே வைத்துவிடுவார்கள். வெயில் அடிக்கும்போது உள்சுவரில் பச்சையும் நீலமுமாக ஒளி விழும். பத்து இருபது வைத்தால் அழகு. அதற்குமேல் போனால் பழைய பாட்டில் கடை.

சட்டகமா, வட்டமா

விறகுச் சுவர் கூரையைத் தானே தாங்குமா? வட்டச் சுவர் தாங்கும். வளைவே அதற்கு உறுதி. நேர்ச் சுவர் என்றால் மூலைகளைத் தனியாக, கனத்த சதுரக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக் கட்ட வேண்டும். மூன்றாவது வழி, முதலில் தூணும் உத்திரமும் நிறுத்திக் கூரையைப் போட்டுவிட்டு, நடுவில் உள்ள கட்டங்களை மட்டும் விறகால் நிரப்புவது.

முதல் வீடு கட்டுகிறவருக்கு நான் சொல்வது மூன்றாவதைத்தான். கூரை முதலிலேயே வந்துவிடுவதால் கட்டையும் சாந்தும் மழையில் நனையாது, வெயிலில் வேகாது. பாரம் தூணில் இறங்குவதால் நிலநடுக்கப் பகுதிகளில் அதிகாரிகளுக்கும் பொறியாளருக்கும் கணக்குக் காட்டுவது எளிது. சுவர் தப்பாகப் போனால் ஒரு கட்டத்தை மட்டும் இடித்துக் கட்டலாம், கூரை அப்படியே நிற்கும். தூணின் பக்கவாட்டில் நடுவாக ஒரு மரச்சட்டத்தை ஆணியடித்துவிட்டால் அதை இருபுறமும் சாந்து கவ்விக்கொண்டு நிற்கும். ஜன்னல், கதவு நிலைகளுக்கும் அதே உத்தி.

வட்டத்தின் கவர்ச்சி அதன் கணக்கில் இருக்கிறது. ஒரே சுற்றளவுக்கு வட்டம் சதுரத்தைவிட 27 சதவீதம் அதிக இடத்தை வளைக்கும். 30 அடி விட்டமுள்ள வட்ட வீட்டை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 94 அடி. சுவர் 8 அடி உயரம் என்றால் முகப்பரப்பு ஏறத்தாழ 750 சதுர அடி. கதவு ஜன்னலுக்கு 110 கழித்தால் 640. சுவர் 16 அங்குலத் தடிமன், அதாவது 1.33 அடி. ஆக மொத்தம் சுவரின் கன அளவு ஏறத்தாழ 850 கன அடி. வட அமெரிக்காவில் விறகை அளக்கும் அலகு கார்டு. 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளம் கொண்ட அடுக்கு, 128 கன அடி. 850ஐ 128ஆல் வகுத்தால் 6.6 கார்டு. சுவரில் சாந்துக்கு விடும் இடம் விறகடுக்கில் உள்ள சந்தைவிடக் கொஞ்சம் அதிகம் என்பதால் இதைவிடச் சற்றுக் குறைவாகவே தேவைப்படும். ஆனால் உளுத்தது, கோணல் முற்றியது என்று கழிப்பது எப்போதும் உண்டு. ஏழு கார்டு வாங்கினால் நிம்மதி. மிஞ்சினால் அடுப்புக்கு ஆகும். இந்த வசதி செங்கல்லுக்குக் கிடையாது.

வட்ட வீட்டில் தவிக்கப்போவது அலமாரியும் கட்டிலும்தான். நேர் முதுகுள்ள எந்தச் சாமானும் வளைந்த சுவரோடு ஒட்டாது. 27 சதவீத லாபத்தில் ஒரு பங்கை அந்தப் பிறைவடிவச் சந்துகள் தின்றுவிடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர் தாங்குமா, தீப்பிடிக்குமா

மரம் நல்ல வெப்பக் காப்பு என்பது தெரிந்ததே. ஆனால் வெப்பம் இழைக்குக் குறுக்கே போவதைவிட இழையின் போக்கில் ஏறக்குறைய 1.8 மடங்கு எளிதாகப் போகும். கார்ட்வுட் சுவரில் இழை உள்ளிருந்து வெளியேதான் ஓடுகிறது. ஆகவே அங்குலத்துக்கு அங்குலம் பார்த்தால் இது அசாதாரணமான வெப்பக் காப்பு ஒன்றும் இல்லை, தடிமன்தான் ஈடுகட்டுகிறது. கனடாவின் கடுங்குளிரில் 24 அங்குலச் சுவர் எழுப்புகிறார்கள். சஸ்காச்சுவான் மாநிலத்தில் கிளிஃப் ஷாக்கி என்பவர் இரட்டைச் சுவரே கட்டினார்: உள்ளே 8 அங்குல விறகுச் சுவர், வெளியே 8 அங்குல விறகுச் சுவர், நடுவே வெப்பக் காப்புப் பொருள். உள்ளே ஒரு கட்டையும் வெளியே ஒரு கட்டையும் தொடாமல் இருப்பதால் குளிர் கடக்க வழியே இல்லை. வேலை மட்டும் இரண்டு பங்கு.

இன்னொரு பக்கம், உள்பக்கத்துச் சாந்து அடுப்பின் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, அடுப்பு அணைந்த பிறகு அறைக்குத் திருப்பித் தரும். விறகடுப்பு மூட்டும் குளிர்நாட்டு வீட்டுக்கு அதுதான் சுகம்.

தீயைப் பற்றிய பயம் இயல்பு. தடித்த கட்டைகள், நான்கு பக்கமும் சாந்து, சுடர் ஏறிப் போக உள்ளே காற்று வழி இல்லை. முகம் கருகும், தீ மெதுவாகத்தான் உள்ளே போகும். கூரையும் உத்திரமும் அதற்கு முன்பே பற்றிக்கொள்ளும்.

நம் ஊருக்கு?

சவுக்குக் கட்டை மலிவாகக் கிடைக்கிறதே, கட்டலாமே என்று தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்குத் தோன்றும். சவுக்கு கனத்த மரம். மேலே ஓக் மரத்துக்குச் சொன்ன பருத்தல் சிக்கல் அதற்கும் உண்டு. கோடையில் காய்ந்து, ஐப்பசி கார்த்திகையில் ஊறும் காற்றில் அந்தச் சுவர் ஆண்டுதோறும் சுருங்கிப் பருத்துக்கொண்டிருக்கும். கரையானைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சுண்ணாம்பு கலந்த தூள் ஓரளவுக்குத் தடுக்கும், நம் ஊர்க் கரையானுக்கு அது போதும் என்று எண்ணி வீட்டையே பணயம் வைக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தச் சுவர் வீட்டுக்குள் மூட்டிய சூட்டை வெளியே விடாமல் காப்பதற்குப் பிறந்தது. சமவெளியில் நமக்கு வேண்டியது நிழலும் காற்றோட்டமும். மண் கட்டியும் சுண்ணாம்பும் இங்கே அதைவிட நன்றாக வேலை செய்கின்றன. ஒன்டாரியோவில் கொஞ்சம் நிலம் வாங்கி வைத்திருக்கும் உறவினருக்கு வேண்டுமானால் இந்தக் கட்டுரையை அனுப்பிவையுங்கள்.

செலவும் தொடக்கமும்

இலவச வீடு என்று எழுதுகிறவர்களை நம்ப வேண்டாம். விறகு மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் சுவர் வீட்டின் ஒரு பகுதிதான். அஸ்திவாரம், கூரை, ஜன்னல், மின்சாரம், குழாய் எதுவும் விறகைப் பார்த்து விலை குறையாது. மிச்சமாவது சுவருக்கான பொருளும் கொத்தனார் கூலியும். அதுவும் நீங்களே கட்டினால்தான். கூலிக்கு ஆள் வைத்துக் கட்டினால் செங்கல்லைவிடக் கையைக் கடிக்கும், ஏனென்றால் இது அவ்வளவு மெதுவான வேலை. குளிர்நாடுகளில் சாந்து பனியில் உறைந்துபோகாத மாதங்களில் மட்டும்தான் கட்ட முடியும் என்பதால் ஒரு கோடையில் முடிக்க நினைத்த சுவர் அடுத்த கோடைக்கும் இழுப்பது சாதாரணம்.

ஆசை இருந்தால் வீட்டில் தொடங்காதீர்கள். விறகுக் கொட்டகையோ கருவிகள் வைக்கும் அறையோ போதும். இடமில்லை என்றால் கூரை நிழலில் நாலடிக்கு நாலடி ஒரு சட்டகம் அடித்து அதை நிரப்புங்கள். வீட்டுக்கு எந்த மரம், எந்த மணல், எந்தத் தூள் பயன்படுத்தப் போகிறீர்களோ அதையே பயன்படுத்துங்கள். ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் போகட்டும். பிறகு கட்டைகளைச் சுற்றி எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறது, சாந்தில் விரிசல் உண்டா, வெளிமுகத்தில் பூஞ்சைக் கறை எங்கே படிந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு நாணயத்தின் தடிமனுக்கு இடைவெளி என்றால் மரவீடுகளுக்கு விற்கும் இழுபடும் சீலன்ட்டைப் போட்டு அடைத்துவிடலாம். விரல் நுழையும் அளவுக்கு இருந்தால் அந்த மரம் இன்னும் காயவில்லை. மீதிக் கட்டைகளை இன்னொரு ஆண்டு அடுக்கில் விட்டுவையுங்கள்.